மூணா, நாலா, ஆறா: காரில் சிலிண்டர் எண்ணிக்கை என்ன வேலை செய்கிறது?

2024 மே மாதம் புது ஸ்விஃப்ட் வெளியானபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. மூன்று வருஷமாகக் காசு சேர்த்து, எடுத்தால் ஸ்விஃப்ட்தான் என்று உறுதியாக இருந்தவர். "ஏம்ப்பா, நாலு சிலிண்டரைத் தூக்கிட்டு மூணு போட்டுட்டாங்களாமே. விலையும் குறையல. அப்போ ஒரு சிலிண்டர் காசு எங்க போச்சு?" என்றார். கேள்வி நியாயமானது. சிலிண்டர் என்பது இன்ஜினுக்குள் எரிபொருள் வெடித்து, பிஸ்டன் என்ற அடைப்பானைத் தள்ளுகிற குழாய். கார் வாங்கக் கிளம்பும் பலருக்கும் மனதில் ஒரு ஏணி இருக்கிறது: மூன்று சிலிண்டர் என்றால் மட்டம், நாலு என்றால் சரியான வண்டி, ஆறு என்றால் பெரிய இடத்து வண்டி. அந்த ஏணி முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாம் அதை வைத்து வண்டியின் பலத்தை அளக்கிறோம், அங்கேதான் கணக்கு தப்பிப் போகிறது.

பலத்தை முதலில் பார்த்துவிடலாம். பழைய ஸ்விஃப்டின் நாலு சிலிண்டர் இன்ஜின் 1197 சிசி (எல்லா சிலிண்டரும் சேர்ந்த கொள்ளளவு), சுமார் 90 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு). புதியதன் மூன்று சிலிண்டரும் அதே 1197 சிசிதான், சுமார் 82 பிஎஸ். குறைந்திருக்கிறது, சரி. ஆனால் இழுவிசை (டார்க்) 113 நியூட்டன் மீட்டரிலிருந்து 112 ஆகியிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட அப்படியே. இப்போது ஹூண்டாய் வென்யூவுக்கு வாருங்கள். 2019இல் வந்தபோது அதில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் கொடுத்தார்கள்: 1.2 லிட்டர் நாலு சிலிண்டர், 83 பிஎஸ்; 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி), 120 பிஎஸ். ஒரே வண்டியில் சின்ன இன்ஜின், குறைந்த சிலிண்டர், கூடுதல் பலம், கூடுதல் விலை. டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டரிலிருந்து 250 பிஎஸ்ஸுக்கு மேல் எடுக்கிறது. ஒருகாலத்தில் நம் ஊர் டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினி நாலு சிலிண்டர், 1089 சிசி, ஏறக்குறைய 40 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மூன்று சிலிண்டர், 796 சிசி, அதுவும் ஏறக்குறைய 40. ஆக, பலம் சிசியிலிருந்தும் டர்போவிலிருந்தும் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை இன்ஜினைச் சுற்ற விடுகிறார்கள் என்பதிலிருந்தும் வருகிறது. சிலிண்டர் எண்ணிக்கை முடிவு செய்வது அந்த பலம் எவ்வளவு சீராக வந்து சேர்கிறது என்பதை.

இதை ஒரு உரலை வைத்து யோசிக்கலாம். ஒருவர் மட்டும் உலக்கை போட்டால் ஒவ்வொரு இடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி, ஒவ்வொரு இடியும் தரையை அதிர வைக்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் இடைவெளி பாதியாகும். மூன்று பேர் சேர்ந்துகொண்டால் சத்தம் தொடர்ச்சியாகக் கேட்க ஆரம்பிக்கும். இடிபடும் நெல் அதே அளவுதான், ஆனால் ஒவ்வொருவரும் மெதுவாக இடித்தால் போதும்.

கார் இன்ஜினும் அப்படித்தான். உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று என்று நாலு வேலைகளை ஒரு சிலிண்டர் முடிக்க, பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் என்ற தண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும், அந்த இரண்டு சுற்றில் ஒரே ஒரு வெடிப்பு. ஒற்றை சிலிண்டர் புல்லட் நின்று துடிக்கும்போது டக், டக் என்று எண்ணிவிடலாம் போலக் கேட்பது அதனால்தான்: இரண்டு சுற்றுக்கு ஒரு அடி, மீதி நேரமெல்லாம் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் வேகத்தில் ஓடுகிறது. நாம் குட்டி யானை என்று கூப்பிடுகிற டாடா ஏஸ் 2005இல் வந்தபோது 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல், சுற்றுக்கு ஒரு அடி. மாருதி 800க்கும், வயலில் உழுகிற மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கும் மூன்று சிலிண்டர், மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்கு ஒரு அடி. அம்பாசடர், பத்மினி, சான்ட்ரோ எல்லாம் நாலு, அரைச் சுற்றுக்கு ஒன்று. பழைய லேலண்ட் பஸ்ஸின் ஆறு சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்கு ஒன்று. இந்த வண்டிகளின் சத்தத்தை நினைத்துப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிட முடியும். சிலிண்டர் எண்ணிக்கையைக் காது எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.

சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சுமார் 800 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வையுங்கள். மூன்று சிலிண்டரில் நொடிக்கு 20 வெடிப்பு, நாலில் கிட்டத்தட்ட 27, ஆறில் 40. அடி மெதுவாக விழ விழ அதிர்வு சத்தமாக இல்லாமல் நடுக்கமாக உடம்புக்குத் தெரியும். சீட், ஸ்டீயரிங், உள்ளே இருக்கும் கண்ணாடி, கதவுப் பேனல் எல்லாம் அந்த மெதுவான அடிக்குத்தான் சேர்ந்து ஆடும். 3000 ஆர்பிஎம்முக்குப் போய்விட்டால் மூன்று சிலிண்டரில் நொடிக்கு 75, நாலில் 100. அங்கே நடுக்கம் மறைந்து வெறும் சத்தம்தான் மிஞ்சும். அதனால்தான் மூன்று சிலிண்டர் வண்டி நெடுஞ்சாலையில் போகும்போது யாரும் குறை சொல்வதில்லை, புகார் எல்லாம் தாம்பரம் சிக்னலிலிருந்து வருகிறது.

இன்னொரு விஷயமும் இங்கே சேர்கிறது. ஒரு வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுவது அதிகபட்சம் அரைச் சுற்று, அதாவது 180 டிகிரிதான். நாலு சிலிண்டரில் ஒருவர் முடிக்கிற இடத்தில் அடுத்தவர் ஆரம்பிக்கிறார், கைமாற்றிக் கொடுப்பது போல. மூன்றில் அடுத்த வெடிப்பு 240 டிகிரி தள்ளி வருவதால், நடுவே 60 டிகிரிக்கு யாரும் தள்ளாத ஒரு வெற்றிடம். ஆறில் 120 டிகிரிக்கு ஒன்று, அதனால் முதல் ஆள் கையை எடுப்பதற்கு முன்பே அடுத்த ஆள் தோள் கொடுத்துவிடுகிறார். செகண்ட் கியரில் வேகத்தடையில் ஊர்ந்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சின்ன மூன்று சிலிண்டர் வண்டி கொஞ்சம் உதறிக்கொண்டு கிளம்புவதற்கு அந்த 60 டிகிரி ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை சொன்னது வெடிப்பினால் வரும் துடிப்பு. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதால் வரும் ஆட்டம் தனி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே நாலு சிலிண்டர் தோற்று மூன்று ஜெயிக்கிற ஒரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிஸ்டன் மேலே இருக்கும்போது இரண்டு கீழே இருக்கும், ஒன்றின் எடையை மற்றொன்று ஈடு செய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பிஸ்டன் கனெக்டிங் ராடு வழியாக கிராங்கோடு சேர்ந்திருப்பதால், அது மேல் பாதியில் வேகமாகவும் கீழ் பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 140 மில்லிமீட்டர் ராடு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: உச்சியிலிருந்து கிராங்க் கால் சுற்று சுற்றினால் பிஸ்டன் பாதி வழியான 40 மில்லிமீட்டரில் இருக்காது, சுமார் 46 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கீழிருந்து ஏறி வருகிற இரண்டும் அதே 46இல்தான் இருக்கும். அதாவது நாலும் நடுக்கோட்டுக்குக் கீழே. கால் சுற்று முன்பு நாலின் சராசரி நிலை 40, இப்போது 46. இன்னொரு கால் சுற்றில் மறுபடி 40. ஆக நாலு பிஸ்டனும் சேர்ந்த எடை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 6 மில்லிமீட்டர் குதிக்கிறது. இந்தக் குதிப்பின் விசை ஆர்பிஎம்மின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 2000இல் இருப்பதைப் போல 6000இல் ஒன்பது மடங்கு. நாலு சிலிண்டர் வண்டியை ரேஸ் பண்ணும்போது பெடலிலும் கியர் குமிழிலும் வருகிற சன்னமான ரீங்காரத்தில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அதே அளவுகளை மூன்று சிலிண்டருக்குப் போட்டால் என்ன வருகிறது தெரியுமா? மூன்று பிஸ்டன்களும் 120 டிகிரி தள்ளித் தள்ளி நிற்கின்றன. எந்த நிலையில் நிறுத்திக் கூட்டினாலும் சராசரி 42.9 மில்லிமீட்டர். கிராங்க்கை எங்கே திருப்பினாலும் அதே எண். மேலும் கீழும் குதிப்பு என்பதே இல்லை! நான் முதலில் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன், அதே விடைதான்.

அப்புறம் ஏன் ஆடுகிறது? குதிக்காவிட்டாலும் அது சீசா பலகை மாதிரி ஆடுகிறது. முதல் சிலிண்டர் மேலே இழுக்கும்போது மூன்றாவது கீழே இழுக்கிறது. நடுவில் ஈடாகிவிட்டாலும் இரண்டு முனைகளும் ஏறி இறங்குகின்றன. நாலு சிலிண்டரில் ஒன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே மேலே போகும், இரண்டும் மூன்றும் சேர்ந்தே கீழே போகும், அதனால் முனைகள் ஆடுவதில்லை, மொத்தமாகக் குதிக்கிறது. ஒன்று சீசா, இன்னொன்று குதிப்பு. இரண்டுமே குறைதான், வேறு வேறு குறை. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் நிறுத்தினால், மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டியது மாதிரி ஆகிவிடும்; ஒரு பாதியின் சீசாவை மறு பாதி பிடித்து நிறுத்திவிடுகிறது, குதிப்பும் இல்லை, அதிர்வில் பெரிய பங்கெல்லாம் தானாகவே அடங்கிவிடுகிறது. பிஎம்டபிள்யூவின் நேர் ஆறு சிலிண்டரைப் பற்றிப் பேசும்போது கார் பிரியர்கள் குரல் மாறிவிடுவதற்கு இதுதான் காரணம். அது விளம்பரத்தால் வந்த பெயர் இல்லை, வடிவத்திலேயே இருக்கிற நிம்மதி.

இந்தக் குறைகளை அடக்க வழிகள் பழையவை. இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எதிர் எடை வைத்த தண்டுகளைக் கூடவே சுற்றவிட்டு அதிர்வை ஈடு செய்யும் யோசனையைக் கொண்டுவந்தார். நாலு சிலிண்டருக்கு கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் இரண்டு தண்டுகள் வேண்டும்; மூன்று சிலிண்டருக்கு கிராங்க் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டு போதும். 1970களில் மிட்சுபிஷி இதைப் புது வடிவில் செய்து காட்டியது, போர்ஷே தன் 944இன் பெரிய நாலு சிலிண்டருக்கு மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கிப் போட்டது. 2009இல் வந்த டாடா நானோ ஒரு லட்ச ரூபாய் கார் என்று பெயர் வாங்கியது, ஒவ்வொரு ரூபாயையும் பார்த்துச் செலவு செய்த வண்டி. அதன் 624 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜினிலும் ஒரு பேலன்ஸர் தண்டு இருந்தது. இரண்டு சிலிண்டரில் அது இல்லாமல் காரில் உட்கார முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃபோர்டு வேறு வழியில் போனது. மறைமலை நகரில் தயாரான இகோஸ்போர்ட்டில் 2013இல் ஒரு 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ கொடுத்தார்கள், 125 பிஎஸ். அதில் பேலன்ஸர் தண்டு கிடையாது. அதற்குப் பதிலாக ஃப்ளைவீலிலும் முன்பக்க புல்லியிலும் வேண்டுமென்றே எடையைக் கோணலாக வைத்து, சீசா ஆட்டத்தை, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள் எளிதாக விழுங்கக்கூடிய திசைக்குத் திருப்பிவிட்டார்கள். தண்டு இல்லாததால் அதைச் சுற்றும் உராய்வும் மிச்சம். உலக அளவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் என்ற விருதை அது 2012, 2013, 2014 மூன்று வருஷமும் தொடர்ந்து வாங்கியது. அதே இகோஸ்போர்ட்டில் 2017இல் 1.5 லிட்டர் நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு, பேலன்ஸர் தண்டு வைத்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டரைப் போட்டார்கள். புதியதுதான் பலம் கூடியது, 123 பிஎஸ்.

அடக்க முடியாமல் போன கதையும் உண்டு. 2015இல் மாருதி செலேரியோவில் சுஸுகியின் சொந்த 793 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் வந்தது. லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள், டீசல் கார் என்றால் மக்கள் ஓடி வந்து வாங்கிய காலம், ஆனாலும் சத்தமும் அதிர்வும் பலருக்கு ஒத்துவரவில்லை, 2017இல் நிறுத்திவிட்டார்கள். அதே இன்ஜின் சூப்பர் கேரி சரக்கு வண்டியிலும் ஓடியது, அங்கே அந்த அதிர்வு யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எண்ணிக்கை மேலே போன வண்டியும் இருக்கிறது: ஃபோக்ஸ்வாகன் போலோ டீசலில் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டரை 2014இல் எடுத்துவிட்டு 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் போட்டார்கள். டீசலில் வெடிப்பின் அழுத்தம் அதிகம், அதனால் சிலிண்டர் குறைவதன் வலி பெட்ரோலைவிட டீசலில் கூடுதலாகத் தெரியும். மூன்று சிலிண்டர் பெட்ரோலை நான் தைரியமாகச் சொல்வேன், மூன்று சிலிண்டர் டீசல் காரை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஏன் குறைக்கிறார்கள்? மாமா கேட்ட அந்த ஒரு சிலிண்டர் காசு எங்கே போகிறது?

ஒரு பகுதி நிச்சயமாகக் கம்பெனிக்குப் போகிறது. பிஸ்டன், ராடு, ரிங்குகள், நாலு வால்வு, ஒரு பிளக், ஒரு காயில், ஒரு இன்ஜெக்டர் எல்லாம் மிச்சம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு பகுதி பெட்ரோலாக நம் பாக்கெட்டுக்குத் திரும்புகிறது. ஒரு பிஸ்டன் குறைந்தால் அதன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் உரசுவதும், அதன் பேரிங்குகளின் உராய்வும் குறைகின்றன. அதைவிடச் சுவாரஸ்யமானது வெப்பம். வெடிப்பில் பிறக்கும் சூட்டில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளாமல் சுவர் வழியாக கூலன்ட்டுக்குப் போய் வீணாகிறது. சின்னப் பாத்திரத்தில் ஊற்றிய காபி பெரிய அண்டாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுகிற மாதிரி, சிலிண்டர் சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் கொள்ளளவுக்குச் சுவரின் பரப்பு அதிகமாகிறது. 1197 சிசியை நாலாகப் பிரித்தால் ஒன்றுக்கு 299, மூன்றாகப் பிரித்தால் 399. ஒரே உருவ விகிதம் என்று வைத்தால், நாலு சிலிண்டரின் மொத்தச் சுவர்ப் பரப்பு மூன்றைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் பரப்பு வழியாகத்தான் கூடுதல் சூடு தப்புகிறது.

ஒரு சிலிண்டருக்கு 400 முதல் 500 சிசி வரை இருப்பது நல்ல இடம் என்பது இன்ஜின் வடிவமைப்பில் பரவலான அனுபவம். பிஎம்டபிள்யூ இதை அப்படியே வாய்ப்பாடாக்கிவிட்டது: ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 500 சிசி, மூன்று அடுக்கினால் 1.5 லிட்டர், நாலு அடுக்கினால் 2.0, ஆறு அடுக்கினால் 3.0. மூன்று சிலிண்டர் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு அவர்களின் ஐ8 என்ற விளையாட்டுக் காரைக் காட்டலாம். அதன் பெட்ரோல் இன்ஜின் இந்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர்தான், 231 பிஎஸ், கூட ஒரு மின் மோட்டார். மறுபக்கம், ஜப்பானின் 660 சிசி குட்டிக் கார்களில் சுபாரு நாலு சிலிண்டர் போட்டது. ஒரு சிலிண்டருக்கு 165 சிசி, டீ கிளாஸ் அளவுதான். அவ்வளவு சின்ன காரில் மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் மூன்றோடு நின்றுகொண்டன. சுபாரு 2012இல் அந்த வகைக் கார்களைத் தானே தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு, அது வரி. 2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் சின்ன பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், பெரியதுக்கு 40 சதவீதம் என்று பிரித்தபோது அதே 1200 சிசி, 4 மீட்டர் கோடுதான் நின்றது. 1197, 1199 என்று எண்கள் வந்து முட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். இந்த விதியில் சிலிண்டர் என்ற சொல்லே இல்லை, ஆனால் 4 மீட்டருக்குள் நாலு பேரையும் பெட்டிகளையும் அடைக்க வேண்டுமென்றால் பானெட்டுக்குள் மிச்சமாகும் ஒவ்வொரு விரற்கடை இடமும் காசு. குறுக்காகக் கிடக்கும் மூன்று சிலிண்டர் இன்ஜின் நீளத்தில் குறைவு, பக்கத்தில் கியர்பாக்ஸுக்கு இடம் தாராளம்.

டர்போ வந்ததும் மூன்றின் பக்கம் தராசு இன்னும் சாய்ந்தது. நாலு சிலிண்டரில் ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் வால்வு திறந்து, அதன் அழுத்தம் முந்தையதன் வழியில் குறுக்கிடும். அதைத் தடுக்க இரண்டு தனித்தனிப் பாதைகள் வைத்த விலை கூடிய டர்போ வேண்டும். மூன்றில் 240 டிகிரி இடைவெளி இருப்பதால் ஒருவர் புகையை விட்டு முடித்த பிறகே அடுத்தவர் வருகிறார், சாதாரண டர்போவே நன்றாகச் சுற்றும். சீரில்லாமல் போனதற்குக் காரணமான அதே 240 டிகிரி இங்கே உதவி செய்கிறது. ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட், கைகர், புனேயில் தயாராகும் நெக்ஸான் எல்லாவற்றிலும் டர்போ பெட்ரோல் மூன்று சிலிண்டராகவே இருப்பது தற்செயல் இல்லை.

ஆறுக்கு மேலே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது வாங்கும் கேள்வி இல்லை. ஐந்து சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை ஆடி 1976இல் கொண்டுவந்தது, 144 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, அந்தத் தாளம் கேட்டவர்களுக்கு மறக்காது. வி6 என்பது இடத்தை மிச்சம் பிடிக்க ஆறை மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் மடித்தது, மடித்ததில் நேர் ஆறின் அமைதி கொஞ்சம் போய்விடும். மெர்சிடிஸ் 2017இல் வி6ஐ விட்டு மறுபடி நேர் ஆறுக்கே திரும்பியது. வி8இல் கால் சுற்றுக்கு ஒரு அடி, வி12 என்பது ஒரே கிராங்கில் இரண்டு நேர் ஆறு. புகாட்டியின் பதினாறும் இருக்கிறது, அது வேறு உலகம்.

வாங்கப் போகிறவர்களுக்கு இப்போது உபயோகமானதைச் சொல்கிறேன். ஷோரூமில் சிலிண்டர் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போய், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஏசியை முழுசாகப் போட்டு, நியூட்ரலில் நிறுத்தி, உள்ளங்கையை கியர் குமிழில் வையுங்கள். கம்ப்ரஸர் கட்டாகி மறுபடி சேரும் நேரத்தில் உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு செகண்ட் கியரில் ஒரு வேகத்தடையைத் தாண்டி மிதியுங்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். நல்ல மவுண்ட் போட்டு, எடையைக் கணக்குப் பார்த்துச் செய்த மூன்று சிலிண்டர் இதில் எல்லாம் தேறிவிடும், அலட்சியமாகச் செய்தது மாட்டிக்கொள்ளும். பழைய வண்டி வாங்குவதென்றால் மூன்று சிலிண்டரில் மவுண்டிங் ரப்பரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அது தளர்ந்தால் நாலு சிலிண்டர் ஓரளவு மறைத்துவிடும், மூன்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பிளக் அடிக்காமல் மிஸ்ஸிங் வந்தாலும் அப்படியே. நாலில் கால் பங்கு பலம் போகும், மூன்று சிலிண்டர் வண்டியில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும், வண்டி திணறும்.

என் சொந்த விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோலில், நகரத்துக்குள்ளேயே ஓட்டப்போகிறவருக்கு, வயசான அம்மா அப்பா பின்னால் உட்காரப் போகிறார்கள் என்றால், நான் இன்னமும் நாலு சிலிண்டரைத்தான் பார்ப்பேன். அந்த வகை இன்ஜின்கள் குறைந்துகொண்டே போவது எனக்கு வருத்தம்தான். மாதம் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்று சிலிண்டர் தருகிற மைலேஜ் பெரிய விஷயம். புது ஸ்விஃப்டுக்கு அறிவித்திருக்கும் கணக்கு மேனுவலில் லிட்டருக்கு 24.80, கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டியில் 25.75 கிலோமீட்டர், பழைய நாலு சிலிண்டருக்குக் கடைசியில் அது 22க்குச் சற்று மேல்தான் இருந்தது.

மாமாவை டெஸ்ட் டிரைவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் ஏசி ஓட நின்றோம். ஸ்டீயரிங்கில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இந்த நடுக்கம் எனக்குத் தெரியுமேப்பா, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார். "உங்க 800லயும் மூணு சிலிண்டர்தான் மாமா" என்றேன். பதினாலு வருஷம் ஓட்டிய வண்டி, அத்தையைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன வண்டி. நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார், அதற்குள் பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஒரு குட்டி யானை ஹாரன் அடித்தது, செகண்ட் கியரைப் போட்டுக்கொண்டே "மைலேஜ் எவ்வளவுன்னு சொன்னே?" என்று கேட்டார்.